இருபத்தாறு குட்டிகளும் என் வாயும்

தீவன வாளியைத் தட்டினால் முதல் ஆளாக ஓடி வருவது பயில்வான்தான். பிறந்து ஆறு வாரம்கூட ஆகவில்லை, அதற்குள் மற்ற ஆட்டுக்குட்டிகளைப் போல ஒன்றரை மடங்கு இருந்தான். அன்றைக்குக் காலையில் தட்டினேன், வரவில்லை. கொட்டகை மூலையில் கழுத்தைப் பின்னால் வளைத்து, கால்களை விறைத்துக்கொண்டு கிடந்தான். வாய்க்குள் விரலை விட்டுப் பார்த்தேன். சில்லென்று இருந்தது.

குட்டியின் வாய் வெதுவெதுப்பாக இருந்தால் உயிருக்குப் பயமில்லை. தினமும் விடிந்ததும் ஒவ்வொன்றின் வாயிலும் விரல் விட்டு, வயிற்றைத் தடவி, பால் குடித்திருக்கிறதா என்று பார்த்த பிறகுதான் நான் முகமே கழுவுவேன். முந்தின நாளும் பார்த்தேன். பயில்வான் என் விரலையே சப்பினான். ஒரே ராத்திரியில் ஆள் போய்விட்டான்.

"நீதாண்டா கொன்ன" என்றேன் தம்பியிடம். "போதும் போதும்னு தலையால அடிச்சுக்கிட்டேன். தானியத்தை அள்ளி அள்ளிக் கொட்டின. இப்பப் பாரு."

அவன் குட்டியைச் சாக்கில் சுற்றித் தூக்கிக்கொண்டு போனான்.

நானும் தம்பியும் சேர்ந்து நடத்துகிற பண்ணை இது. இருபது தாயாடு, இருபத்தெட்டுக் குட்டி. தீவனம் அவன் பொறுப்பு, மருந்து என் பொறுப்பு. ஒருத்தர் வேலையில் இன்னொருத்தர் மூக்கை நுழைக்கக் கூடாது என்று சட்டம் போட்டவள் நான். அவன் வேலையில் நான் நுழைப்பேன், அது வேறு விஷயம். எனக்குக் கோபம் மூக்குக்கு மேலே நிற்கும். வந்தால் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசமாட்டேன். ஊரறிந்த சங்கதி.

மறுநாள் காலையில் கறுப்புக் காது குட்டி. அதே மூலை, அதே விறைப்பு. அதுவும் கொழுகொழுவென்று இருந்த குட்டிதான். நோஞ்சான்கள் எல்லாம் துள்ளிக்கொண்டிருக்க, தேறின குட்டியாகப் பார்த்துப் போகிறது. மிச்சமிருந்த இருபத்தாறையும் திரும்பத் திரும்ப எண்ணினேன். ஏதாவது ஒன்று படுத்தாலே ஓடிப்போய் வாயில் விரலை விட்டேன். எல்லாமே படுத்துக்கொண்டுதான் இருந்தன, வெயில் அப்படி.

டாக்டரம்மா பத்து மணிக்கு வந்தார். கறுப்புக் காதுக் குட்டியை வேலிக்கு வெளியே வைத்து அறுத்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"சிறுநீரகம் கூழாப் போயிருக்கு. பார்த்தா, தீனி ஜாஸ்தியாகிக் குடல்ல விஷம் ஊறுமே, அந்தத் துள்ளுமாரி மாதிரி தெரியுது. ஆனா தாய்க்குத் தடுப்பூசி போட்டிருந்தா சீம்பால்லயே குட்டிக்குப் பாதுகாப்பு வந்திருக்கணுமே. போட்டீங்களா?"

"போட்டேனே!" நோட்டை எடுத்துக் காட்டினேன். குட்டி போடுவதற்கு ஒரு மாதம் முன்பு, இருபது ஆட்டுக்கும் தேதியோடு எழுதியிருந்தது. எனக்கு அதில் ஒரு கர்வம்.

டாக்டரம்மா நெற்றியைச் சுருக்கினார். "அப்ப இது வேற ஏதோ விஷமா இருக்கணும். குடலை எடுத்துச் சோதனைக்கு அனுப்புறேன். முடிவு வர நாலு நாள் ஆகும். தானியம் எவ்வளவு போடுறீங்க?"

"கொஞ்சம் அதிகம்தான் டாக்டரம்மா" என்றான் தம்பி, தரையைப் பார்த்தபடி. "தப்பு என்மேலதான். அக்கா சொல்லிட்டேதான் இருந்தா."

கையில் நோட்டு அப்படியே விரிந்திருந்தது. நான் எழுதிய தேதியைப் பார்த்தேன். அது ஃபிரிட்ஜ் கதவு சரியாக மூடாமல் தகராறு செய்த வாரம். மருந்து சூடாகிவிடப் போகிறதே என்று மேலே ஐஸ் தட்டில் கொண்டுபோய் வைத்தேன். காலையில் கல்லாக இருந்தது. வெந்நீர் டம்ளரில் நிறுத்தி இளக வைத்தேன். திரிந்த பால் மாதிரி வெள்ளை வெள்ளையாகத் துகள் மிதந்தது. நன்றாகக் குலுக்கி, போட்டுவிட்டேன்.

எனக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்தும் வாய் திறக்கவில்லை. ஊருக்கெல்லாம் உபதேசம் செய்த வாய், அன்றைக்குப் பார்த்து ஒட்டிக்கொண்டது. ஒருவேளை அது காரணமாக இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நாலு நாளில் தெரிந்துவிடப் போகிறதே என்றேன். அந்த நாலு நாளில் எத்தனை குட்டி என்று மட்டும் கேட்டுக்கொள்ளவில்லை.

டாக்டரம்மா கை கழுவினார், பெட்டியை மூடினார், வண்டியில் ஏறினார். தம்பி தீவனத் தொட்டியைக் கவிழ்த்து, ஒரு தானியம்கூட ஒட்டியிருக்கக் கூடாது என்று தேய்த்துக்கொண்டிருந்தான். குற்றவாளி மாதிரி குனிந்திருந்த அந்த முதுகை என்னால் பார்க்க முடியவில்லை. வண்டி நகர ஆரம்பித்ததும் ஓடினேன்.

"டாக்டரம்மா, நில்லுங்க! மருந்து உறைஞ்சுபோச்சு. நான்தான் ஐஸ் தட்டுல வெச்சேன். உறைஞ்சதைக் கரைச்சுப் போட்டேன்."

அவர் இன்ஜினை நிறுத்தினார். திட்டியிருந்தால் தேவலை. "உறைஞ்சா அதுல மருந்தே இல்லம்மா. தண்ணியைப் போட்ட மாதிரிதான். பெட்டி மேலயே எழுதியிருக்குமே" என்றார் மெதுவாக. "அப்ப இது துள்ளுமாரிதான். நாலு நாள் காத்திருந்தா இன்னும் எத்தனை போயிருக்குமோ. தானியத்தை இன்னைக்கே நிறுத்துங்க. பகல்ல கொஞ்ச நேரம் தாய்கிட்டயிருந்து பிரிச்சு வைங்க, பால் ஒரேயடியா குடிக்க வேணாம். சாயங்காலத்துக்குள்ள புது மருந்து கொண்டு வரேன். ஆனா அது வேலை செய்யப் பத்து நாளாவது ஆகும். அதுவரைக்கும் எதையும் உறுதியாச் சொல்ல முடியாது."

திரும்பி வந்தேன். தம்பி அதே இடத்தில் நின்றிருந்தான். எல்லாம் காதில் விழுந்திருக்கும். ஆனால் அவன் முகத்தில் ஆச்சரியமே இல்லை.

"உனக்குத் தெரியுமாடா?"

"டம்ளர்ல வெச்சிருந்தப்பவே பார்த்தேங்கா. உறையக் கூடாதுன்னு பெட்டியில போட்டிருந்ததையும் படிச்சேன்."

"ஏண்டா சொல்லல?"

"ரெண்டு தடவை சொல்ல வந்தேன்." தொட்டியின் விளிம்பைத் துணியால் துடைத்துக்கொண்டே பேசினான். "போன வருஷம் பூச்சி மருந்து அளவு ஜாஸ்தின்னு சொன்னேன். எட்டு நாள் என்னோட பேசல நீ. குட்டி போடுற நேரம்க்கா. நீ பேசாம இருந்தா நான் தனியா என்ன பண்ணுவேன்?"

"பயில்வான் செத்தப்பவாவது சொல்லியிருக்கலாமேடா."

"நான்தான் கொன்னேன்னு நீ அவ்வளவு நிச்சயமா சொன்னியா... நானும் நம்பிட்டேன்."

என் தம்பிக்கு முப்பத்து மூன்று வயது. என் வாய்க்குப் பயந்து, தன் கையால் வளர்த்த குட்டியைத் தானே கொன்றதாக ஒரு நாள் முழுக்க நம்பியிருக்கிறான். அவமானத்தில் எனக்கு அழுகை வந்தது. அழுதேன். அவன் என்ன செய்வதென்று தெரியாமல் தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தான்.

சாயங்காலம் எல்லாக் குட்டிக்கும் ஊசி போட்டோம். அதற்குப் பிறகு வந்த நாட்களை எப்படிக் கடந்தேன் என்று கேட்காதீர்கள். தாயை விட்டுப் பிரித்த குட்டிகள் கத்தும், அந்தப் பக்கம் தாய்கள் கத்தும். சத்தம் நின்றால் இன்னும் பயம். நான்காம் நாள் ஒன்று போயிற்று. இருபத்தைந்து. பத்தாம் நாள் இருபத்தைந்து. பதினைந்தாம் நாள், இரண்டாவது ஊசி போட டாக்டரம்மா மருந்து கொடுத்தனுப்பிய அன்றைக்கும், விடிகாலையில் இருபத்தைந்து வாயும் வெதுவெதுப்பாகத்தான் இருந்தன.

முதல் குட்டியைத் தம்பி முழங்காலுக்கு நடுவில் பிடித்துக்கொண்டான். நான் ஊசியில் மருந்தை ஏற்றப் போனேன்.

"அக்கா" என்றான். கொஞ்சம் தயங்கினான். "பாட்டிலைக் குலுக்கல."

எனக்குத் தெரியாதா என்று வாய் வரை வந்துவிட்டது. பாட்டிலைப் பார்த்தேன். அடியில் மருந்து படிந்திருந்தது. நான் குலுக்கியிருக்கவில்லை.

குலுக்கினேன்.

"வேற என்ன போட்டிருக்கு, படி" என்று பெட்டியை அவனிடம் கொடுத்தேன். "சத்தமா படிடா. முழுசா."