வெள்ளி அடைத்த பல்

டாக்டர் ஹேமலதா சின்னக் கண்ணாடியை வாய்க்குள் விட்டுப் பார்த்துக்கொண்டிருந்த நேரமெல்லாம் தனக்கொடியின் கண் வாசல் திரையின் மேலேயே இருந்தது. நெல்லித்தோப்பில் மருந்துக்கடைக்கு மாடியில் இருக்கும் கிளினிக் அது. திரைக்கு அந்தப் பக்கம் பெஞ்சில் அமுதவல்லி உட்கார்ந்திருந்தாள். திரைக்குக் கீழே அவளுடைய செருப்பு மட்டும் தெரிந்தது. அவள் எழுந்து போய்விடுவாளோ என்பதுதான் தனக்கொடியின் கவலை. பல் அதற்கு அப்புறம்தான்.

இருவரும் மில்லில் ஒரே ஷிப்டில் நூல் சுற்றியவர்கள். மில் மூடப்போகும் காலத்தில் தனக்கொடி விருப்ப ஓய்வுக்குக் கையெழுத்துப் போட்டு வெளியே வந்துவிட்டாள். அமுதவல்லி மில் கேட்டுக்கு எதிரே போராட்டப் பந்தலில் கடைசி நாள் வரை உட்கார்ந்தாள். அதோடு பேச்சு நின்றது. தனக்கொடியின் நெல்லித்தோப்புக்கும் அமுதவல்லியின் அரியாங்குப்பத்துக்கும் நடுவே ஓர் ஆறுதான். அதைத் தாண்ட இருவருக்கும் மனம் வரவில்லை. நேற்று வீராம்பட்டினத்து அம்மன் தேர்க் கூட்டத்தில் நேருக்கு நேர் முட்டிக்கொண்டார்கள். யார் முதலில் கையைப் பிடித்தது என்று தெரியாது. அம்மன்தான் பிடித்துச் சேர்த்துவைத்தாள் என்று தனக்கொடி நினைத்துக்கொண்டாள்.

கடைத்தெருவில் கமர்கட்டைப் பார்த்ததும் அமுதவல்லி நின்றுவிட்டாள். "ஒண்ணு வாங்கி காக்கா கடி கடிச்சிக் குடுடி. எனக்குத்தான் பல்லே போயிடுச்சே, என் பாதிய சப்பிக்கிறேன்."

மில்லில் டீ நேரத்தில் தினமும் நடந்த காரியம் அது. கமர்கட்டை முந்தானையில் சுற்றித் துணியோடு கடித்து உடைத்தால் எச்சில் படாது; ஆளுக்குப் பாதி. புருவமெல்லாம் பஞ்சு ஒட்டியிருக்க, எதிரெதிரே நின்று, பேச முடியாத வாயோடு சிரித்துக்கொள்வார்கள். நூல் தூசி அடைத்த தொண்டையில் அந்த வெல்லம் இறங்கும் சுகமே தனி. கடிப்பது எப்போதும் தனக்கொடிதான். ஒருமுறை அந்தக் கடைவாய்ப் பல் சொத்தையானபோது, ஷிப்டை மாற்றிக்கொண்டு பெரிய ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போய், வெள்ளி அடைத்து முடிக்கும்வரை கையைப் பிடித்தபடி நின்றவள் அமுதவல்லி.

நேற்றும் அதே பல்லில் வைத்துத்தான் கடித்தாள். கமர்கட்டோடு பல்லும் உடைந்தது. அமுதவல்லியின் முகம் சுண்டிப்போயிற்று. "நான் வந்த நேரம் பாரு" என்றாள். பிறகு பேசவே இல்லை. இன்று காலையில் துணைக்கு வந்து நின்றாள், அப்போதும் பேசவில்லை.

"எப்பம்மா அடைச்சது இது?" என்று கேட்டாள் டாக்டர்.

"மில்லு ஓடுனப்போ."

"நல்லாத்தான் உழைச்சிருக்கு. ஆனா வெள்ளியும் தேயும்மா. மெல்ல மெல்ல மேல தட்டையாயிடும், ஓரம் பொடிஞ்சி போவும். பல்லுக்கும் அதுக்கும் நடுவுல மயிரிழை அளவுக்கு எடம் உடும். அதுல தண்ணி எறங்கி அடியில சொத்தை வந்திருக்கு. பல வருஷமா நடக்குது, உங்களுக்குத்தான் தெரியல."

"அப்போ நேத்து கடிச்சது?"

டாக்டர் கண்ணாடியைத் தட்டில் வைத்தாள். "அதுவும்தான். பல்லோட சுவர் ஏற்கெனவே மெலிஞ்சி நின்னுது. நேத்து கடிக்காம இருந்தா இன்னும் கொஞ்ச காலம் நின்னிருக்கும். காப்பாத்தப் பாக்குறேன். உறுதியா சொல்ல முடியாது."

தனக்கொடி குரலைத் தாழ்த்தினாள். "டாக்டரம்மா, வெளிய இருக்காளே, அவ கேப்பா. பொய் சொல்ல வேணாம், அம்மனுக்கு ஆவாது. தேஞ்சது, தண்ணி எறங்குனதுன்னு மொதல்ல சொன்னீங்களே, அத மட்டும் சொல்லுங்க. போதும்."

டாக்டர் மரப்பு ஊசியை எடுத்தாள்.

எஞ்சிய வெள்ளியைத் தோண்டி எடுத்து, சுத்தம் செய்து, தற்காலிகமாக அடைத்து முடித்ததும் டாக்டரே போய்த் திரையை விலக்கினாள். மயிரிழை இடைவெளி, தண்ணீர், பல வருஷம் எல்லாவற்றையும் பொறுமையாக அமுதவல்லிக்குச் சொன்னாள். கடித்ததைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. "மரப்பு போற வரைக்கும் சூடா எதுவும் குடிக்கக் கூடாது" என்று முடித்தாள். அமுதவல்லி பள்ளிக்கூடப் பிள்ளைபோலத் தலையாட்டினாள்.

படியில் இறங்கும்போது தனக்கொடியின் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். கீழே டீக்கடையில் கேட்காமலே இரண்டு டீ சொன்னாள். டம்ளர்கள் கைக்கு வந்த பிறகுதான் நினைவு வந்தது.

"அய்ய, ஒனக்கு ஆவாதே."

"நீ குழி" என்றது தனக்கொடியின் மரத்துப்போன வாய்.

அமுதவல்லி சிரித்துவிட்டாள். "கள்ளு குடிச்சவளாட்டம் பேசுறடி." சிரிப்பு அடங்கித் தெருவைப் பார்த்தாள். "கடிச்சப்போ பல்லு உடையற சத்தம் எனக்கும் கேட்டுச்சி" என்றாள் மெதுவாக.

தனக்கொடி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் பாதி அசையவில்லை.

"நல்ல பொண்ணு அந்த டாக்டரு" என்றாள் அமுதவல்லி. தன் டம்ளரையும் குடிக்காமல் பெஞ்சின் மேல் தனக்கொடியின் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தாள். அரியாங்குப்பம் போகிற பஸ் ஒன்று வந்து நின்று, ஆள் ஏற்றிக்கொண்டு கிளம்பிப் போயிற்று. இரண்டு டீயிலும் மெல்ல ஆடை படியத் தொடங்கியது.