வியாழன் மாலை வெள்ளி

நோட்டீஸை எழுதியவன் நானேதான். அதனால் திட்டுவதற்குக்கூட வேறு ஆள் கிடைக்கவில்லை.

'வெள்ளி' என்று கொட்டை எழுத்தில். அதன் கீழே, 'ஆளில்லா விண்கலங்கள் போன கதை. பேசுபவர்: சிவசைலம், ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்.' கடைசியில் பொடி எழுத்தில், 'வியாழன் மாலை ஐந்து மணி.'

வியாழன் மாலை ஐந்தரைக்குத் தென்காசி மண்டபத்தில் நாற்பது நாற்காலிகள், நான், மைக் செட் குத்தாலிங்கம். முப்பது வருஷமாகப் பிள்ளைகள் மார்க்குக்குப் பயந்துதான் என் பேச்சைக் கேட்டார்கள். கட்டாயமில்லாமல் ஒரே ஒரு ஆளாவது கேட்க மாட்டாரா என்பதுதான் இந்தக் கூட்டத்தின் ரகசியக் காரணம். குத்தாலிங்கம் சேர்த்தியில்லை, வயர் இருக்கும் இடத்தில் அவர் இருந்தாக வேண்டும்.

என்னோடு வேலை பார்த்த மங்களேஸ்வரி டீச்சருக்குப் போன் போட்டேன். அந்தப் பக்கம் அருவி இரைந்தது.

"நாளைக்குல்லா சார்? வெள்ளிக்கிழமை, வியாழன் கிரகத்தைப் பத்திப் பேசுதீயன்னு எல்லார்ட்டயும் சொல்லி வச்சிருக்கேன். நாங்க இங்கன குத்தாலத்துல குளிச்சிட்டு நிக்கோம்."

"டீச்சர், வியாழக்கிழமை, வெள்ளி கிரகம்!"

"அப்படியா? நோட்டீஸைப் பாத்தா அப்படித் தெரியலயே. சரி, நாளைக்கு வெள்ளியைப் பத்தியே பேசிருங்க."

நாளைக்கு மண்டபத்தில் வளைகாப்பு.

ஆத்திரத்தில் காலி நாற்காலிகளிடமே பேச ஆரம்பித்தேன். அறுபத்தொன்றில் சோவியத் வெள்ளிக்கு அனுப்பிய முதல் வெனேரா கலம் பாதி வழியிலேயே பேச்சை நிறுத்திக்கொண்டது. எழுபதில் இறங்கிய ஏழாவது, சாய்ந்து விழுந்து முனகியது. முனகியதே பிற்பாடு பதிவு நாடாவைத் துழாவியபோதுதான் தெரிந்தது. பதினொன்றும் பன்னிரண்டும் பத்திரமாக இறங்கின. கேமரா மூடி திறக்கவில்லை.

"பதினாலாவதில் மூடி கழன்றது. கழன்று, மண்ணைச் சோதிக்கும் கை இறங்குகிற இடத்தில் போய் விழுந்தது. கை மூடியைச் சோதித்தது."

குத்தாலிங்கம் செல்போனைச் சட்டைப் பைக்குள் போட்டார்.

"என்ன சார் சொல்லுதீய? அம்புட்டுத் தொலைவு போயி, கொண்டுபோன மூடியவே தொட்டுப் பாத்துச்சா?"

"ஆமா."

"நம்ம நோட்டீஸ் மாதிரில்லா இருக்கு!"

சுருக்கென்றது, சிரிப்பும் வந்து தொலைத்தது. அதற்குள் வளைகாப்புக்காரர்கள் அலங்காரம் செய்ய வந்து நாற்காலிகளை அடுக்கத் தொடங்கினார்கள். பேச்சு பதினாலோடு நின்றது.

வயரைச் சுருட்டிக்கொண்டே குத்தாலிங்கம் கேட்டார். "அதுக்கப்புறம் என்னாச்சு?"

"உம்ம வேலை முடிஞ்சிட்டுல்லா வே. கிளம்பும்."

"முடிஞ்சதுனாலதான் கேக்கேன்" என்று மண்டபத்துப் படியில், சாரல் படாத பக்கமாக உட்கார்ந்தார். "சொல்லுங்க சார்."

தொண்டையைச் செருமினேன்.

"பதினஞ்சாவது தரையிறங்கவே இல்ல வே..."