கடிகார அண்ணி தவறவிட்ட தேதி

யானைக்கும் அடி சறுக்கும் என்று குடும்பத்தில் ஆளாளுக்கு உச்சுக் கொட்டினார்கள். கொட்டியவர்களில் இரண்டு பேருக்காவது உள்ளூரக் கொஞ்சம் சந்தோஷம். பின்னே, இருபத்திரண்டு வருஷமாக வக்கீலாக வரி வழக்கு நடத்தும் அண்ணி ஒரு தவணைகூடத் தவறியதில்லை. தன் பிரசவத்துக்கே டாக்டர் குறித்துக் கொடுத்த தேதியில் போய்ப் படுத்தவள். வீட்டில் அவளுக்குக் கடிகாரம் என்றுதான் பேர். அப்பேர்ப்பட்ட கடிகாரம், சொந்தக் கொழுந்தனின் மேல்முறையீட்டை இரண்டு நாள் தாமதமாகத் தாக்கல் செய்திருந்தது.

கொழுந்தன் தையல்கூடம் நடத்துகிறான். பதினான்கு மிஷின், ஒரு நீளமான வெட்டு மேசை. பள்ளிக்கூடத்துக்கும் ஆஸ்பத்திரிக்கும் சீருடை. துணியை அவர்கள் கொடுப்பார்கள், இவன் தைத்துக் கொடுத்துக் கூலி வாங்குவான். வந்து இறங்கிய துணி அத்தனையும் இவன் சொந்தச் சரக்கு என்று வரி அலுவலகம் முடிவு கட்டி உத்தரவு போட்டுவிட்டது. அதை உடைக்க அண்ணியிடம் கட்டுக் கட்டாகச் சான்று இருந்தது. ஆனால் உத்தரவு கைக்கு வந்த அறுபது நாளுக்குள் மனு தீர்ப்பாயத்துக்குப் போய்ச் சேர வேண்டும். தாமதத்தை நீதிபதி மன்னிக்காவிட்டால் அந்தக் கட்டை யாரும் அவிழ்த்துக்கூடப் பார்க்க மாட்டார்கள். மிஷின்கள் ஜப்தியில் போய்விடும்.

அண்ணி நாளை எண்ணியதில் தப்பே இல்லை. அது தெரிந்த ஆள் தான் ஒருவன்தான் என்று கொழுந்தன் நினைத்திருந்தான்.

பள்ளி திறக்கப் பத்து நாள் இருக்கையில் அந்தப் பழுப்பு உறை வந்தது. தபால்காரர் நீட்டிய ஒப்புகை அட்டையில் கையெழுத்துப் போட்டுவிட்டுத்தான் உறையின் மூலையைப் பார்த்தான். வரி அலுவலகத்தின் பேர் இருந்தது. பிரிக்கவில்லை. வெட்டு மேசைக்கு அடியில், காலர் அளவு வெட்டிய அட்டைகளுக்கு நடுவே செருகிவிட்டான். பிரிக்காத வரைக்கும் உத்தரவு வராத மாதிரிதான் என்பது அவன் போட்ட கணக்கு. அந்த உறை தானாக எழுந்து போகாது என்பது விளங்க நாலு நாள் ஆயிற்று. அப்புறம் அண்ணியிடம் எடுத்துக்கொண்டு ஓடினான்.

"எப்ப வந்துச்சு, தம்பி?"

"இப்பதான் அண்ணி. நேரா இங்கதான் வர்றேன்."

அண்ணி அந்தத் தேதியை எழுதி வைத்துக்கொண்டு, அவள் கணக்குப்படி ஐம்பத்தெட்டாம் நாள் மனுவைத் தாக்கல் செய்தாள். தபால்காரரின் அட்டைப்படி அது அறுபத்திரண்டாம் நாள். தீர்ப்பாய அலுவலகம் அட்டையின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு, தாமதம் என்று மனுவைத் திருப்பி அனுப்பிவிட்டது.

அன்றைக்குச் சாயங்காலமே வீட்டில் மாநாடு கூடிவிட்டது. அண்ணன், அம்மாவின் தம்பியான டாக்டர் மாமா, அண்ணி, மூலையில் இவன். அண்ணி உட்காரும் முன்பே சொல்லிவிட்டாள்.

"தப்பு என்னோடது. உறையில இருக்கற தபால் முத்திரையைப் பாக்காம தேதி எழுதிட்டேன்."

டாக்டர் மாமா மருந்துச் சீட்டுக் கட்டோடுதான் வந்திருந்தார். "இதுக்குப் போய்க் கவலைப்படுவாங்களா? ஒரு சர்டிபிகேட் எழுதித் தர்றேன். டைபாய்டெல்லாம் ஒரு மாசம் தாமதமானாத்தான் வேணும். ரெண்டு நாளுக்கு வயித்துப்போக்கே தாராளம்."

"ஊர் உலகமே அப்படித்தான் செய்யுது," என்றான் அண்ணன்.

"அந்த ரெண்டு நாளும் எனக்கு உடம்பு நல்லாத்தான் இருந்துச்சு, மாமா," என்றாள் அண்ணி. அதோடு பேச்சு முடிந்தது. மாமா சீட்டுக் கட்டைப் பையில் திணித்துக்கொண்டார்.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும். அவன் அண்ணியின் முகத்தையே பார்த்தான். இவளுக்குத் தெரியுமா, தெரியாதா? அந்த முகத்தில் ஒன்றும் பிடிபடவில்லை. சாப்பாட்டு மேசையிலேயே உட்கார்ந்து, தாமதத்தை மன்னிக்கக் கேட்கும் மனுவை எழுதி முடித்து, அவனிடம் நீட்டினாள். "பேர், முகவரி சரியா இருக்கான்னு பாருங்க, தம்பி."

மனுவில் காரணம் என்ற இடத்தில் மொத்தமே நாலு வரி. உத்தரவு வந்த தேதியைத் தபால் முத்திரையோடு சரிபார்ப்பது என் கடமை. நான் சரிபார்க்கவில்லை. அதனால் தாமதம். உடல்நலக் குறைவோ வேறு காரணமோ எனக்கு இல்லை. அவன் அதில் ஒரு பொய்யாவது இருக்கிறதா என்று தேடினான், இல்லை. தன்னைத் தேடினான், தானும் இல்லை. ஒரு மனுஷி பொய்யும் சொல்லாமல், ஆளையும் காட்டிக் கொடுக்காமல், இவ்வளவு குறுகலான சந்துக்குள் நிமிர்ந்து நடக்க முடியுமா என்று மலைத்துப் போனான். வாயைத் திறக்கத்தான் நினைத்தான். "சரியா இருக்கு அண்ணி" என்பதுதான் வந்தது.

விசாரணை நாளில் தீர்ப்பாயத் தாழ்வாரத்தில் பெஞ்சுகூடக் கிடைக்கவில்லை. வக்கீல்கள் நாலு பேர் தேநீரும் கையுமாக ஜன்னலோரம் நின்றிருந்தார்கள். அண்ணி அவர்களைக் கடந்து உள்ளே போனதும் ஒருவர் சொன்னது அவன் காதில் விழுந்தது.

"கடிகாரத்துக்குச் சாவி குடுக்க மறந்துட்டாங்க போல."

மற்ற மூவரும் சிரித்தார்கள். அந்தப் பேர் வீட்டுக்குள் மட்டும் புழங்குகிறது என்றுதான் அவன் அதுவரை நினைத்திருந்தான். இருபத்திரண்டு வருஷம் இங்கேயும் அவளுக்கு அதுதான் பேராக இருந்திருக்கிறது. நாலு நாள் ஓர் உறையைப் பதுக்கி அதை அவன் கெடுத்துவிட்டான்.

உள்ளே வரி அலுவலகத்தின் வக்கீல் பாதிதான் எழுந்தார். "அலட்சியம்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க. இதுக்கு மேல நான் சொல்ல என்ன இருக்கு?"

நீதிபதி மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "முத்திரையைப் பாக்கலைன்னு எழுதியிருக்கீங்க, அம்மா. அப்ப எந்தத் தேதியை வச்சு எண்ணினீங்க? அந்தத் தேதியை யார் குடுத்தா?"

அண்ணி கையிலிருந்த கட்டை மேசையில் வைத்தாள். அவள் பொய் சொல்ல மாட்டாள் என்பது அவனுக்குத் தெரியும். அடுத்து வரப்போவது தன் பேர் என்று காத்திருந்தான்.

"சரிபாக்க வேண்டியது நான், ஐயா. அதுக்கு மேல சொல்ல விரும்பலை."

"சொல்லலைன்னா மனு நிக்காதே."

"தெரியும், ஐயா."

அவன் கடைசி வரிசையில் எழுந்து நின்றான். கட்சிக்காரனே மறைத்தான் என்று ஆகிவிட்டால் மிஷின்கள் அப்படியே போய்விடும் என்பதும் அவனுக்குத் தெரியாமலில்லை. "நான்தான் தப்பாச் சொன்னேன், ஐயா. உறை வந்து நாலு நாள் கழிச்சுத்தான் அண்ணிகிட்ட குடுத்தேன். இப்பதான் வந்துச்சுன்னு சொல்லிட்டேன்."

"நாலு நாள் என்ன செஞ்சீங்க?"

"மேசைக்கடியில வச்சிருந்தேன். பிரிக்கப் பயம், ஐயா."

"அட்டையில கையெழுத்துப் போடறப்ப பயம் இல்லையா?"

"போட்டதுக்கப்புறம்தான் யார்கிட்டேர்ந்து வந்திருக்குன்னு பாத்தேன்."

வரி அலுவலகத்து வக்கீலே சிரித்துவிட்டார். நீதிபதி கண்ணாடியை மாட்டிக்கொண்டு மனுவை மறுபடி ஒருமுறை படித்தார்.

"வருஷத்துக்கு நூறு தாமத மனு பாக்கறேன். நூறு பேருக்கும் காய்ச்சல். உடம்பு நல்லா இருந்தும் தாமதமாச்சுன்னு எழுதினவங்களை இன்னைக்குத்தான் பாக்கறேன்." இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். "ஆளுக்கு ஒரு பங்கு தப்பு. ரெண்டு பேரும் மறைக்காம சொல்லியாச்சு. தாமதத்தை மன்னிக்கறேன். மேல்முறையீட்டை எடுத்துக்கலாம்."

வெளியே வந்ததும் அவன் கேட்டான். "உங்களுக்கு எப்ப தெரியும் அண்ணி?"

"மனு திரும்பி வந்த அன்னைக்கே. அட்டையில தேதியோட இருக்கறது உங்க கையெழுத்துதானே."

"என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே."

"கேட்டிருந்தா?" என்றாள் அண்ணி. கோபமே இல்லாமல்தான் சொன்னாள். "அன்னைக்கும் 'இப்பதான் வந்துச்சு அண்ணி'ன்னுதான் சொல்லியிருப்பீங்க."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டாள். "அடுத்த விசாரணை பதினேழாம் தேதி, காலைல பத்து மணி. குறிச்சுக்குங்க." சட்டைப்பையில் எப்போதும் கிடக்கும் துணியில் குறி போடும் சாக்கட்டியை எடுத்து, சட்டைக் கைமடிப்பிலேயே பெரிதாகப் பதினேழு என்று எழுதிக்கொண்டான். அதற்குள் அவள் அடுத்த வழக்குக்குக் கிளம்பிவிட்டாள். அது தொடங்க இன்னும் ஐந்து நிமிஷம் இருந்தது.

ஜன்னலோரத்து நாலு பேரும் அங்கேயேதான் இருந்தார்கள். ஓர் உறையைப் பிரிக்கப் பயந்தவன் அவர்களிடம் நேரே போய் நின்றான்.

"சார், கடிகாரம் சரியாத்தான் ஓடுச்சு. தேதியைத் தப்பாச் சொன்னது நான். நான் அவங்க கொழுந்தன்."