கோட்டுக்கு ஐந்தடி

தயாபரனுக்குத் தட்டு எறியத் தெரியும். மூளையை எங்கே எறிந்தான் என்பதுதான் யதுர்ஷிகாவுக்குத் தெரியவில்லை.

முள்ளியவளை பிறிஸ்பி அணிக்கு அவன் தலைவன். அந்த விளையாட்டில் தட்டை வைத்துக்கொண்டு ஓட முடியாது. நின்ற இடத்தில் நின்று, எதிராளி பத்து எண்ணுவதற்குள் அடுத்தவருக்கு எறிந்துவிட வேண்டும். கோட்டுக்கு அப்பால் நிற்பவர் பிடித்தால் கோல். தயாபரனுக்குத் தெரிந்த வித்தை ஒன்றே ஒன்று: எல்லோர் தலைக்கும் மேலால் தூக்கித் தன் கூட்டாளி பிரதீபனுக்குப் போடுவது. நடு மைதானத்தில் அது பலிக்கும். கோட்டடி நெரிசலில், பின்னால் ஓட இடமில்லாத இடத்தில், அது எதிரணிக்கு வைக்கிற படையல். அன்றைக்கு நெளுக்குளத்தாருக்கு மூன்று முறை படைத்துவிட்டு, காற்று சரியில்லை என்றான். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம்.

சட்டம் போடுவதில் மட்டும் குறைச்சலில்லை. "கோல் போட்ட ஆக்கள்தான் கொழும்புப் போட்டிக்கு. சும்மா ஓடித்திரிஞ்ச ஆக்களுக்கு வான் வண்டியில இடமில்லை," என்று காலையிலேயே சொல்லிவிட்டான். அணியில் மூன்று பெண்கள். அவர்கள் பக்கம் தட்டே வருவதில்லை. கோல் எங்கிருந்து வரும்? யதுர்ஷிகாவுக்குக் கொழும்பு வேண்டும். மூன்று வருடம் புழுதி தின்றது அதற்காகத்தான்.

நெளுக்குளத்துப் பெண்ணொருத்தி ரியூசன் என்று வராததால், யதுர்ஷிகாவை மறிக்க முன்ஸிர் என்ற பெடியன் நின்றான். மரியாதையான பிள்ளை. வேலியோரம் அவளுடைய அம்மா பார்த்துக்கொண்டு நிற்க, முட்டுப்பட்டுவிடுவோமோ என்று பயந்து நான்கு முழம் தள்ளியே நின்றான். கோட்டடியில் நான்கு முழம் என்றால் படலை திறந்து கிடப்பது போல. குருடனுக்கும் தெரியும்.

"அண்ணை, என்னை ஒருத்தரும் மறிக்கேல்ல. எனக்குப் போடுங்கோ," என்று இடைவேளையில் சொன்னாள்.

"எனக்குப் படிப்பிக்காதையும்," என்றான்.

பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு. அடுத்த கோலோடு ஆட்டம் முடியும். தட்டு தயாபரன் கையில், கோடு ஐந்தடியில். பிரதீபனைச் சுற்றி இரண்டு பேர். "அஞ்சு... ஆறு..." எதிராளி எண்ணினான். மூலையில் காத்திருந்தால் சாகும்வரை காத்திருக்க வேண்டியதுதான் என்று யதுர்ஷிகா கோட்டுக்கு இப்பால், அவனுக்குப் பக்கத்தில் ஓடிவந்தாள். எட்டு எண்ணியபோது, வேறு வழியில்லாமல் தட்டை அவளிடம் தள்ளினான்.

தள்ளியவன் உடனே கோட்டுக்கு அப்பால் பாய்ந்தான். "எனக்குப் போடும், எனக்கு!" அவன் கத்தியதில், அணியின் இன்னொரு பெண்ணான கமலாசனியை மறித்தவளும் அவன் பக்கம் திரும்பிவிட்டாள். கமலாசனி தனியே நின்றாள். அவளுக்கு எறிந்தால் கோலும் அவளுக்கு, வான் வண்டியில் இடமும் அவளுக்கு. ஆனாலும் யதுர்ஷிகா எறிந்தாள். கமலாசனி பிடித்தாள். வென்றார்கள்.

பயிற்சியாளர் சுமித்திரா அக்கா கொப்பியோடு வந்தார். தயாபரன் தன் பெயரை முதலில் சொல்லிவிட்டு, பிரதீபன், கமலாசனி என்று அடுக்கிக்கொண்டு போனான். யதுர்ஷிகாவிடம் வந்ததும் இரக்கப்படுகிறவன் மாதிரி முகத்தை வைத்துக்கொண்டான்.

"நீர் கோல் ஒண்டும் போடேல்லத்தானே?"

"ஓம், போடேல்ல. நீங்கள் எத்தினை போட்டனீங்கள், அண்ணை?"

அன்று முழுக்க அவன் எறிந்தானே தவிர, கோட்டுக்கு அப்பால் நின்று ஒன்றையும் பிடிக்கவில்லை.

"அது... நான் கப்டன்."

"சட்டம் உம்மடதானே, தம்பி," என்றார் சுமித்திரா அக்கா, பேனையைப் பிடித்தபடி. "ரெண்டு பேரையும் வெட்டவோ, ரெண்டு பேரையும் எழுதவோ?"

தயாபரன் வேலிப் பக்கம் பார்த்தான். ஊரே கேட்டுக்கொண்டு நின்றது.

"எழுதுங்கோ," என்றான்.