ஆறாவது வரிசை

அந்தக் கம்பெனியின் கணினிக்கூடத்துக்குள் நுழைகிறவர்கள் முதலில் தோளைக் குறுக்கிக்கொள்வார்கள். பன்னிரண்டு வரிசைகளில் நானூறு சர்வர்கள் இரைந்துகொண்டிருக்கும். ஜன்னலில்லாத அந்த நீண்ட அறையில் வருஷம் முழுக்கப் பதினெட்டு டிகிரிக் குளிர். அங்கே பத்தொன்பது வருஷமாக இருந்த டெக்னீஷியனுக்கு ‘ஸ்வெட்டர்’ என்றே பெயர் விழுந்துவிட்டது. வெளியே வெயில் மண்டையைப் பிளந்தாலும் அவர் மேலே முழங்கை தேய்ந்த ஒரு பழுப்பு ஸ்வெட்டர் இருக்கும். பொறியாளன் மட்டும் அவரை மச்சான் என்பான். அவன் மனைவிக்குக் கூடப்பிறந்த ஒரே அண்ணன் அவர். இங்கே வேலை காலியிருக்கிறது என்று சொல்லி, அவனுடைய விண்ணப்பத்தைக் கையோடு வாங்கிப்போய்க் கொடுத்தவரும் அவர்தான்.

கம்பெனி மருந்து விநியோகம் செய்தது. ஆஸ்பத்திரிகளும் மருந்துக்கடைகளும் அனுப்புகிற ஆர்டர்கள் அந்த நானூறு பெட்டிகளின் வழியாகத்தான் கிடங்குக்குப் போகும். பொறியாளன் சேர்ந்த மூன்றாம் வருஷம், மின்சாரத்தைக் குறைக்க வழி சொல்லும்படி மேலிடம் கேட்டது. அவன் ஒரு மாதம் அளந்து பார்த்தான். சர்வர்கள் தின்கிற மின்சாரத்துக்குச் சமமாக அவற்றைக் குளிர்விக்கவே போய்க்கொண்டிருந்தது. அதைவிட வேடிக்கை, பாதிக்கு மேற்பட்ட சர்வர்கள் பெரும்பாலான நாட்கள் சும்மா ஓடிக்கொண்டிருந்தன. மாதக் கடைசியில் ஆர்டர்கள் வந்து குவியும்போதோ சில வரிசைகள் மூச்சுத் திணறும். பக்கத்து வரிசை கைகட்டி வேடிக்கை பார்க்கும். ஒரு பிரிவின் சர்வர் இன்னொரு பிரிவுக்கு உதவாது.

“பஸ்ஸுக்கு ஒரே ஒரு ஆளை ஏத்திக்கிட்டு நாப்பது பஸ் ஓடுது சார், அத்தனையிலயும் ஏசி,” என்று கூட்டத்தில் சொன்னான். “கூட்டம் வர்ற அன்னிக்கு மட்டும் ஒரு பஸ்ல எல்லாரும் தொங்குறாங்க.”

இயக்குநர் சிரித்துவிட்டார். வேலை அவன் கைக்கு வந்தது.

அடுத்த இரண்டு மாதம் மாதிரி அவன் வாழ்க்கையில் வேறு மாதங்கள் வரவில்லை என்று பின்னால் அவனே நினைத்துக்கொள்வான். கணக்கெல்லாம் அவனுடையது, கை மச்சானுடையது. ரேக்குகளில் காலியாக இருந்த இடங்களையெல்லாம் தகடு வைத்து அடைத்தார்கள். முன்பக்கத்துக் குளிர்காற்றும் பின்பக்கத்துச் சூடுகாற்றும் கலக்காமல் இருக்க வரிசைகளுக்கு நடுவே கனமான பிளாஸ்டிக் திரைகளைத் தொங்கவிட்டார்கள். காற்று எங்கே கசிகிறது என்று பார்க்க அவன் கருவி வாங்க விண்ணப்பம் எழுதிக்கொண்டிருந்தபோது, மச்சான் டிஷ்யூ பேப்பரை நாடாவாகக் கிழித்து ஒரு குச்சியில் ஒட்டி, இடுக்கு இடுக்காகப் பிடித்துப் பார்த்துக்கொண்டே போனார்.

“இங்க ஆடுது பாருங்க மாப்பிள்ளை. நம்ம காத்து இந்தப் பக்கமா ஓடிப்போவுது.”

“கருவி வந்தா இதையேதான் சொல்லும் மச்சான்.”

“வரட்டும். வந்து என்கிட்ட கத்துக்கட்டும்.”

பதினெட்டு டிகிரி இருபதாயிற்று, இருபத்திரண்டாயிற்று, கடைசியில் இருபத்தைந்தில் நின்றது. ஒரு சர்வரும் முனகவில்லை. ஒருநாள் மச்சான் ஸ்வெட்டரைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு வெறும் சட்டையோடு நடந்தபோது, வரவேற்பறைப் பெண் அவரை யாரோ வெளியாள் என்று நினைத்து அடையாள அட்டை கேட்டாள். அதைச் சொல்லிச் சொல்லி வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கச் சிரித்தார்கள்.

அதற்கடுத்த படிதான் பெரியது. வேலைகளைக் கொஞ்சம் சர்வர்களுக்குள் ஒன்று சேர்த்துவிட்டு மற்றவற்றை உறங்கவைப்பது. ஆர்டர் ஏற ஏற அவை தாமாக விழித்துக்கொள்வது. ஐந்து வரிசைகளில் அது கடிகாரம் போல நடந்தது. ஆறாவது வரிசைக்கு வந்தபோது மச்சான் அவனைக் கூடத்தின் வாசலுக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். உள்ளே இரைச்சலில் பேச்சு கேட்காது.

“இதுல கை வைக்காதீங்க மாப்பிள்ளை. இந்த வரிசையில இருக்கற பன்னெண்டு பெட்டியும் பழசு. போட்ட நாள்ல இருந்து நின்னதே இல்ல. ஓடுற வரைக்கும் ஓடும். நிப்பாட்டி ஆறவிட்டீங்கன்னா உள்ள டிஸ்க் ஒட்டிக்கும், திரும்பச் சுத்தாது.”

“எல்லாமேவா?”

“எது ஒட்டும், எது ஒட்டாதுன்னு எவனுக்குத் தெரியும்? மாசக் கடைசியில கிடங்குக்கு ஆர்டர் பிரிச்சு அனுப்புறதே இதுங்கதான். மொதல்ல அந்த வேலையை வேற எடத்துக்கு மாத்திருவோம். மூணு வாரம் குடுங்க.”

அது வியாழக்கிழமை. திங்கட்கிழமை இயக்குநர்கள் முன்னால் அவன் பேசவேண்டியிருந்தது. ‘ஆறு வரிசை முடிந்தது’ என்று ஏற்கெனவே எழுதிவைத்துவிட்டான். ஐந்து என்று மாற்றினால் குடி முழுகிப்போயிருக்காது. யாரும் விரல் விட்டு எண்ணப்போவதில்லை. ஆனால் அந்த நேரத்தில் ஆறு என்பது அவனுக்கு மானப் பிரச்சினையாகத் தெரிந்தது.

“ஒண்ணும் ஆகாது மச்சான். அஞ்சு வரிசை எந்திரிக்கலையா? நான் பாத்துக்கறேன். நீங்க கையெழுத்து மட்டும் போடுங்க.”

ஒவ்வொரு வரிசையையும் உறங்கவைக்கும் முன் ஒரு படிவம் உண்டு. ‘சோதித்தேன், நிறுத்தலாம்’ என்று டெக்னீஷியன் கையெழுத்திட வேண்டும். மச்சான் படிவத்தைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தார்.

“நீங்க சொல்றீங்களேன்னு போடறேன்,” என்றார். போட்டார்.

திங்கட்கிழமைக் கூட்டம் அமர்க்களமாக நடந்தது. இயக்குநர் எழுந்து வந்து அவன் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

மாதக் கடைசி வந்தது. காலை ஒன்பதரைக்கு ஆர்டர்கள் ஏறத் தொடங்கின. விழித்திருந்த வரிசைகளெல்லாம் நிரம்பி, ஆறாவது வரிசைக்கு விழிக்கச் சொல்லிக் கட்டளை போயிற்று. பன்னிரண்டில் ஐந்து எழுந்தன. ஏழு எழவில்லை. மச்சான் ஒவ்வொன்றாகக் கழற்றி, தட்டி, சூடுகாட்டி என்னென்னவோ செய்து பார்த்தார். மதியத்துக்குள் இன்னும் ஒன்று எழுந்தது. அவ்வளவுதான். கிடங்கில் லாரிகள் ஏற்றுவதற்கு ஒன்றுமில்லாமல் வரிசையாக நின்றன. மாடியில் ஆர்டர் பிரிவுக்காரர்கள் தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு மருந்துப் பெயர்களைக் காகிதத்தில் எழுதினார்கள். ஒன்றரை நாள் இந்தக் கூத்து நடந்தது. யாருக்கும் உயிராபத்து ஏற்படவில்லை. ஆனால் மூன்று ஆஸ்பத்திரிகள் அறுவைச் சிகிச்சைகளைத் தள்ளிவைத்தன. ஒன்று கம்பெனியையே மாற்றிக்கொண்டது.

விசாரணை ஒரு செவ்வாய்க்கிழமை மதியம், இரண்டாம் மாடியில் கண்ணாடிச் சுவர் வைத்த அறையில். எதிரே மூன்று அதிகாரிகள். இந்தப் பக்கம் பொறியாளனும் மச்சானும் பக்கத்துப் பக்கத்து நாற்காலிகளில்.

“இந்த வரிசையை நிறுத்தக்கூடாதுன்னு யாராவது உங்ககிட்ட சொன்னாங்களா?” என்று நடுவில் இருந்த அதிகாரி பொறியாளனைக் கேட்டார்.

‘சொன்னார்’ என்று ஒரு வார்த்தை. நாக்கின் நுனி வரை வந்தது. மேஜைமேல் அந்தப் படிவம் கிடந்தது. அதில் மச்சானின் சாய்ந்த கையெழுத்து.

“எழுத்துல எதுவும் வரலை சார்,” என்றான் அவன்.

சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதனால்தான் அது அவ்வளவு பெரிய பொய்யாக ஆயிற்று.

மச்சான் தலையைத் திருப்பி அவனை ஒருமுறை பார்த்தார். கோபம் இல்லை, வழியில் போகிற யாரையோ தெரிந்தவர் என்று நினைத்துப் பார்த்துவிட்டு, இல்லை என்று ஆன பிறகு ஒரு பார்வை இருக்குமே, அதுபோல. பிறகு அதிகாரிகள் பக்கம் திரும்பினார்.

“கையெழுத்து என்னுதுதாங்க. சோதிச்சேன்னு எழுதியிருக்கு. என் தப்புதான்.”

அவரைக் கிடங்கில் பெட்டி எண்ணுகிற வேலைக்கு மாற்றினார்கள். ஒரு வாரம் போனார். அப்புறம் ராஜினாமா எழுதிக்கொடுத்துவிட்டார். பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்று கிடங்கில் யாரோ முணுமுணுத்ததாகப் பொறியாளன் காதுக்கு வந்தது. கேளாதவன்போல இருந்துவிட்டான்.

வீட்டில் மனைவி கேட்டாள். “அண்ணன் உங்ககிட்ட முன்னாடியே ஒண்ணும் சொல்லலையா?”

“இல்ல,” என்றான்.

கண்ணாடி அறையில் சொன்னதற்காவது ஒரு மூடுதிரை இருந்தது. இது வெறும் பொய். அவள் அதை நம்பினாள். நம்பியதோடு விடவில்லை. அந்தச் சாயங்காலம் துணி மடித்துக்கொண்டே அண்ணனுக்குப் போன் போட்டாள். கை வேலையாக இருந்ததால் ஒலிபெருக்கியில் வைத்திருந்தாள். அவன் அடுத்த அறையில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தான்.

“என்னண்ணா இது? பாக்காமக்கூட கையெழுத்துப் போடுவியா? உன் பேரும் போச்சு, அவரு பேரும் கெடப் பாத்துச்சு. உன்னை நம்பித்தானே அவரு எறங்குனாரு?”



“ஆமாம்மா,” என்றது மச்சானின் குரல். “கவனமா இருந்திருக்கணும்.”

அவன் ஒரு செருப்பைக் காலிலும் ஒரு செருப்பைக் கையிலுமாக நின்றான். அந்த அறைக்கும் இந்த அறைக்கும் நாலடி தூரம். அவன் போகவில்லை.

அதற்குப் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் மச்சான் வருவது நின்றது. அண்ணன் வெட்கப்பட்டுக்கொண்டு வரவில்லை என்று மனைவி நினைத்தாள். அவளுக்கும் வீம்பு, கூப்பிடவில்லை.

கூடத்தில் வேலை தொடர்ந்தது. ஆறாவது வரிசையின் வேலைகளை முறைப்படி புதிய சர்வர்களுக்கு மாற்றினான். சரியாக மூன்று வாரம் பிடித்தது, ஒருநாள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மின்சாரம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. மாதக் கடைசியில் எத்தனை ஆர்டர் வந்தாலும் இப்போது யாரும் திணறுவதில்லை. வெளியூர்க் கம்பெனிகளிலிருந்து வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். பிளாஸ்டிக் திரைகளைக் காட்டி அவன் விளக்குவான். “இதை யார் இவ்வளவு நேர்த்தியாக மாட்டினது?” என்று ஒருவர் கேட்டபோது, “எங்க டீம்,” என்றான். சொல்லிவிட்டுத் தண்ணீர் குடிக்கப் போனான்.

கெட்டிக்காரன் புளுகு எட்டு நாளைக்கு என்பார்கள். அவனுடையது பதினான்கு மாதம் நின்றது. யாரும் கண்டுபிடிக்கவில்லை, அவனாகவேதான் உடைத்தான். பதவி உயர்வு ஆணை வந்த அன்று மனைவி அதை இரண்டு முறை படித்துவிட்டு, “அண்ணன் இப்பவும் வந்து போயிட்டு இருந்தா சந்தோஷப்பட்டிருக்கும்,” என்றாள். அவன் உட்கார்ந்தான். மச்சான் வாசலில் நிறுத்தி எச்சரித்த அந்த வியாழக்கிழமையிலிருந்து தொடங்கி எல்லாவற்றையும் சொன்னான்.

அவள் அழவில்லை, கத்தவும் இல்லை. “நான் போன்ல பேசினேனே, அப்ப நீங்க எங்க இருந்தீங்க?” என்று மட்டும் கேட்டாள்.

“அடுத்த ரூம்ல.”

அவள் எழுந்து போனாள். மறுநாள் தனியாக அண்ணன் வீட்டுக்குப் போய் இரண்டு நாள் தங்கிவிட்டு வந்தாள். என்ன பேசினார்கள் என்று சொல்லவில்லை.

மச்சான் இப்போது காய்கறிக் குளிர்பதனக் கிடங்கு ஒன்றில் இருந்தார். பொறியாளன் போனபோது வாசலில் ஏணிமேல் நின்று ஃபேனைக் கழற்றிக்கொண்டிருந்தார். அவனைப் பார்த்ததும் இறங்கிக் கையைத் துடைத்துக்கொண்டார்.

“வாங்க சார்.”

அந்த ‘சார்’ அவனை அங்கேயே நிறுத்திவிட்டது.

“மச்சான், அன்னிக்கு நான் சொல்லியிருக்கணும்.”

“ஆமா. சொல்லியிருக்கணும்.”

இல்லை, பரவாயில்லை, போனது போகட்டும் என்று அவர் சொல்வார் என்று வழியெல்லாம் எதிர்பார்த்து வந்ததை அவன் அப்போதுதான் உணர்ந்தான்.

“நீங்களாவது வாயைத் தொறந்திருக்கலாமே? நான் இவன்கிட்ட சொன்னேன்னு ஒரு வார்த்தை...”

“சொல்லியிருந்தா?” மச்சான் ஃபேனின் இறக்கையைத் திருப்பிப் பார்த்தார். “அந்த மூணு பேர் முன்னாடி நீங்க இல்லைன்னுருப்பீங்க. அதை நான் காதால கேக்கணுமா? வேலை போனது பெருசில்ல. இங்கயும் குளிர்தான், இங்கயும் காத்துதான். என் தங்கச்சி என்னைக் கையாலாகாதவன்னு ஒரு வருஷம் நெனச்சுக்கிட்டு இருந்தா பாருங்க. அதுக்குத்தான் எனக்கு மருந்து தெரியல.”

டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கிற வரை கூட நின்றார். பிறகு, வேலை கிடக்கிறது என்று ஏணியில் ஏறிவிட்டார்.

அந்த வாரமே பொறியாளன் நடந்ததை நடந்தபடி எழுதிக் கம்பெனிக்குக் கொடுத்தான். பதவி உயர்வை நிறுத்திவைத்தார்கள். வேலை மட்டும் தப்பியது. அந்தப் பழைய விசாரணைக் குறிப்பைத் திருத்தி, டெக்னீஷியன் முன்கூட்டியே எச்சரித்திருந்தார் என்று அரைப் பக்கத்தில் ஒரு கடிதம் தந்தார்கள். திரும்ப வரச்சொல்லியும் அதில் ஒரு வரி இருந்தது.

கடிதத்தை மனைவிதான் எடுத்துக்கொண்டு போனாள். சாயங்காலம் திரும்பி வந்து கைப்பையை மாட்டும்வரை அவன் பொறுத்திருந்தான்.

“என்ன சொன்னாரு?”

“படிச்சுது. மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிச்சு.”

“வேலைக்கு வர்றேன்னு...”

“இல்ல.”

“என்னைப் பத்தி ஏதாவது?”

அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பொய் சொல்லலாமா என்று யோசித்ததுபோல இருந்தது.

“ஒண்ணும் கேக்கலைங்க,” என்று சொல்லிவிட்டு, விளக்கைப் போட உள்ளே போனாள்.