வருமுன் போட்ட பிரசன்ட்

1961-ல் அந்தப் பாழாய்ப்போன திருவரங்குளம் பஸ் ஒருநாளாவது முதல் பீரியடுக்கு முன் புதுக்கோட்டை வந்து சேர்ந்ததில்லை. அதில் வரும் செவந்திக்கு என் கணக்குப் பாடத்தில் பாதி போய்விட்டது. வருகை குறைந்து பரீட்சையும் போய்விடக் கூடாதென்று, அவள் வருவதற்கு முன்பே ரிஜிஸ்தரில் பிரசன்ட் போட்டுவிடுவேன்.

அன்று அடைமழை. பதினொரு மணியாகியும் பஸ் வரவில்லை. சந்தைக்கு வந்திருந்த அவள் அப்பா பெரியகருப்பன் நனைந்தபடி பள்ளிக்கூட ஆபீசுக்குள் ஓடிவந்தார்.

"பஸ்ஸு கம்மாய்க்குள்ள கவுந்துருச்சாமுங்க. எம்மக செவந்தி வந்துருச்சுங்களா?"

கிளார்க் ரிஜிஸ்தரைப் புரட்டினார். "காலையிலேயே வந்துருச்சே. பயப்படாதீங்க."

சாக்பீஸ் எடுக்க வந்த நான் அதைக் கேட்டுக்கொண்டே உள்ளே நுழைந்தேன். பெரியகருப்பன் என்னைக் கையெடுத்துக் கும்பிட்டார்.

"ஒங்க கிளாஸ்லதான் இருக்காம், சார். ஒருதரம் மொகத்தப் பாத்துட்டுப் போயிர்றேன்."