கூட வந்தவர்

மாடியில் துணி உலர்த்திக்கொண்டிருந்த தையல்காரியின் கழுத்தில் தேனீ கொட்டியது. சற்று நேரத்தில் உடம்பெல்லாம் தடித்து, மூச்சு அடைத்தது. தனியாக வாழ்பவள், கதவின் தாழ்ப்பாளைத் திறந்து வைத்துவிட்டுத்தான் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டாள்.

ஆஸ்பத்திரியில் ஊசி போட்டதும் மூச்சு சீரானது.

"விஷம் துளிதாம்மா. உங்க உடம்புதான் பயந்துபோய் ஊரைக் கூட்டிடுச்சு," என்றார் டாக்டர். "மறுபடியும் மூச்சு அடைக்கலாம், சாயங்காலம்வரை இருங்க. கூட யாரு வந்திருக்காங்க?"

"யாருமில்ல டாக்டர்."

கால் மணிக்கொரு தரம் நர்ஸ் வந்து கையைப் பிடித்து நாடி பார்த்தாள். ஊருக்கெல்லாம் அளவெடுத்தவளை ஒருவர் தொட்டு வருஷங்கள் ஆகியிருந்தன.

மாலையில் நர்ஸ், "எல்லாம் சரியாயிடுச்சுக்கா, கிளம்பலாம்," என்றாள்.

தையல்காரி எழுந்திருக்கவில்லை. "இன்னும் ஒரு தடவை பாத்துடும்மா," என்று கையை நீட்டினாள்.

நர்ஸ் அவள் முகத்தைப் பார்த்தாள். பிறகு கட்டிலிலேயே உட்கார்ந்து, நாடியை நிதானமாக எண்ணத் தொடங்கினாள்.